நீர்வழக்குகள் – 9: உப்பேறிய கடைமடை

1994-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பதிவான ரிட் மனுக்களில் 561 என்ற எண்ணைப் பெற்ற மனு, காவிரியின் கடைமடையிலிருந்து போனது. மனுதாரர் எஸ்.ஜெகந்நாதன், கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர். எதிர்த்தரப்பு இந்திய அரசு. அப்போது ஜெகந்நாதனுக்கு எண்பது வயது. புதிதாக ஒரு சட்டம் இயற்றித் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்பே அரசு தன் கையால் எழுதி அரசிதழில் வெளியிட்ட விதியை அரசே மதிக்க வேண்டும் என்றுதான் கேட்டார்.

பாலாற்றுப் படுகையின் தோல் தொழிற்சாலைகள் மீதான வழக்கையும், 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி குல்தீப் சிங்தான் அதே வருடம் டிசம்பரில் நாகப்பட்டினத்து வழக்கிலும் தீர்ப்பு சொன்னார். ஆற்றிலிருந்து கதை இப்போது கடற்கரைக்கு நகர்கிறது.

முதலில் இறாலின் கதை. எண்பதுகளில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இறால் தின்பது வேகமாகப் பெருகியது. கடலில் பிடிப்பது போதவில்லை. தைவானில் வரி இறாலைக் குளங்களில் நெருக்கமாக விட்டு, தீவனம் போட்டு வளர்க்கும் முறை பெரிய தொழிலாக வளர்ந்தது. 1987-இல் அதன் உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. மறு வருடமே நோயும் கெட்டுப்போன தண்ணீரும் சேர்ந்து தொழிலைச் சரித்துவிட்டன. அந்தச் சரிவிலிருந்து பாடம் கற்பதற்குள் முதலீடு அடுத்த கடற்கரையைத் தேடிப் போய்விட்டது. தாய்லாந்து, பிறகு இந்தியா. இங்கே 1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறந்திருந்தன. அந்நியச் செலாவணிக்கு அரசு தவித்துக்கொண்டிருந்தது. கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் மானியம் தந்தது. 1992-இல் ஆந்திரம், ஒரிசா, மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களில் இறால், மீன் வளர்ப்புக்கென்று உலக வங்கி கடன் ஒப்புக்கொண்டது. பங்குச் சந்தையில் பணம் திரட்டிய நிறுவனங்கள், அதுவரை விவசாயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவை, கடலோர நிலத்துக்கு விலை பேச வந்தன.

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991 அக்டோபரில் பிரிந்த நாகப்பட்டினம் மாவட்டம் அவர்களுக்கு வசதியாக அமைந்தது. சீர்காழி, தரங்கம்பாடி, நாகை வட்டாரங்களில் கடலை ஒட்டியே வயல்கள். மேட்டூர் திறந்தால்கூடத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். அந்த வருடங்களில் காவிரித் தகராறு முற்றியிருந்தது. குறுவை உண்டா இல்லையா என்பதே ஆண்டுக்கு ஆண்டு கேள்வி. வெளியூரில் குடியிருந்த நிலக்காரர்களுக்கு, குத்தகையும் வராத வயலை நல்ல விலைக்குத் தள்ளிவிடும் வாய்ப்பு வந்தது. விற்றவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வயலில் நடவும் களையும் அறுப்பும் செய்து பிழைத்த கூலிக் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், அங்கேயே இருந்தன. அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

ஓர் இறால் பண்ணை எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் வழக்கு புரியும். வரி இறாலுக்குக் கடல்நீரின் முழு உப்பும் வேண்டாம், நன்னீரும் ஆகாது. இரண்டுக்கும் நடுவிலான உவர்நீர் வேண்டும். ஆகவே ஒரு பக்கம் கடலிலிருந்தோ உப்பனாற்றிலிருந்தோ உப்பு நீரை இறைப்பார்கள். மறுபக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நன்னீரை உறிஞ்சுவார்கள். வயலைத் தோண்டிக் கரை கட்டிய குட்டையில் இரண்டையும் கலப்பார்கள். தீவிர முறையில் ஒரு ஹெக்டேருக்கு லட்சக்கணக்கில் குஞ்சுகள் விடப்படும். ஏரேட்டர்கள் ஓயாமல் சுழலும். தினமும் தீவனம், நோய் வந்தால் மருந்து, வராமலிருக்கவும் மருந்து. சுமார் நான்கு மாதத்தில் அறுவடை. இடையிடையே குட்டையின் பழைய நீரை வடித்துப் புது நீர் விட வேண்டும். தின்னாமல் அழுகிய தீவனம், இறாலின் கழிவு, மருந்து எல்லாம் கலந்த அந்த வடிநீர், பக்கத்து வாய்க்கால் எதுவோ அதில் போய் விழுந்தது.

விளைவுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. அடுத்த வயலில் நாற்று கருகியது. அடிபம்புத் தண்ணீர் கரித்தது. இறைத்துவிட்ட நன்னீரின் இடத்துக்குக் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியது. மேலிருந்து குட்டையின் உப்பு கீழே கசிந்தது. ஒரு கிராமத்தின் குடிநீர் இப்படி இரண்டு பக்கமிருந்தும் கெட்டது. குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்த பெண்கள்தான் இதற்கான முதல் விலையைக் கொடுத்தார்கள். மீனவர்களுக்கு வேறொரு கஷ்டம்: தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரத்துக்குப் போன பாதையின் குறுக்கே பண்ணையின் வேலியும் காவலாளும் வந்துவிட்டார்கள். கழிவு விழுந்த முகத்துவாரங்களில் மீன்பாடும் குறைந்தது. பண்ணைக்காகக் குஞ்சு பிடித்தவர்கள், வேண்டிய இறால் குஞ்சைப் பொறுக்கிக்கொண்டு மற்ற மீன்குஞ்சுகளைக் கரையில் சாகவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஜெகந்நாதனையும் கிருஷ்ணம்மாளையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஜெகந்நாதன் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். பிறகு வினோபாவின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர். 1950-இல் அவர் மணந்த கிருஷ்ணம்மாள், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்து கல்லூரி வரை படித்தவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டபோது, இருவரும் கீழத்தஞ்சைக்கு வந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1981-இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி இயக்கம், நிலக்காரர்களிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை வாங்கிக் கூலிப் பெண்களின் பெயரில் பதிவு செய்துகொடுத்தது. துண்டு துண்டாக, பத்திரம் பத்திரமாக நடந்த வேலை அது.

அந்த நிலங்களின் பக்கத்தில்தான் இப்போது உப்பு வந்து நின்றது. ஒரு தலைமுறை உழைத்து மீட்ட ஏக்கரை, பக்கத்துக் குட்டை ஒரே பருவத்தில் பாழாக்கிவிடும் என்பதை அவர்களைவிட நன்றாக யார் அறிவார்கள்? முதலில் தங்களுக்குத் தெரிந்த வழியில் இறங்கினார்கள்: நடைப்பயணம், உண்ணாவிரதம், பண்ணை வாசலில் மறியல். பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். கைதுகளும் வழக்குகளும் வந்தன, பண்ணைகள் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் டெல்லிப் பயணம். கங்கை மாசு வழக்கிலும் தாஜ்மகால் வழக்கிலும் பெயர்பெற்ற எம்.சி.மேத்தா இவர்களுக்காக வாதாடினார்.

வழக்கின் ஆணிவேர் 1991 பிப்ரவரி 19-ஆம் தேதியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் கட்டுமானங்களிலிருந்து காக்கும்படி அறிவுறுத்தினார். கடிதத்துக்குச் சட்ட பலம் கிடையாது; பத்து வருடம் அது கடிதமாகவே இருந்தது. 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1991 அறிவிக்கைதான் அதை விதியாக்கியது. அந்த 500 மீட்டருக்குள் புதிய தொழிற்சாலைகளுக்குத் தடை. கடல்முகத்தோடு நேரடித் தொடர்புள்ள, கரை வசதி நேரடியாகத் தேவைப்படும் தொழில்களுக்கு மட்டும் விலக்கு. எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுக்கவே கூடாது. அடுத்த 300 மீட்டரில் குடிநீர், தோட்டம், விவசாயம், மீன்வளம் ஆகியவற்றுக்காகச் சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்கலாம், அவ்வளவுதான்.

பண்ணைக்காரர்களின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. இறாலுக்குக் கடல்நீர் வேண்டும். ஆகவே கடற்கரை வேண்டும். ஆகவே எங்கள் தொழில் விலக்குக்குள் வருகிறது என்றார்கள். இது விவசாயத்தைப் போன்றது, தொழிற்சாலை அல்ல என்றும் சொன்னார்கள். ஏற்றுமதி வருமானத்தையும் வேலைவாய்ப்பையும் எண்ணிக் காட்டினார்கள். இதற்கிடையே தமிழக அரசு 1995-இல் நீர்வாழ் உயிரின வளர்ப்பை முறைப்படுத்தத் தனிச் சட்டம் ஒன்றையே கொண்டுவந்தது. உரிமம் கொடுத்து முறைப்படுத்திவிடலாம் என்பது அதன் எண்ணம்.

உச்ச நீதிமன்றம் இந்த வாதங்களைக் காகிதத்தில் மட்டும் எடைபோடவில்லை. 1995 மார்ச்சில், நாக்பூரிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் – சுருக்கமாக நீரி – நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரும்படி உத்தரவிட்டது. ஏப்ரலில் அறிக்கை வந்தது. ஆந்திர, தமிழகக் கடற்கரைகளில் ஊர்க்காரர்கள் சொன்னதையெல்லாம் நீரியின் விஞ்ஞானிகள் அளந்து எழுதியிருந்தார்கள்: உப்பேறிய கிணறுகள், அழிந்த அலையாத்திக் காடுகள், மறிக்கப்பட்ட பாதைகள், சுத்திகரிக்காமல் விடப்பட்ட கழிவு. அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு கணக்கு. தமிழகக் கடற்கரையில் இறால் வளர்ப்பால் வருடத்துக்குக் கிடைக்கும் வருமானம் 280 கோடி ரூபாய். அதே வருடத்தில் சூழலுக்கும் மக்களின் வாழ்வாதாரத்துக்கும் நேரும் சேதம் 423 கோடி ரூபாய். வருமானம் நிறுவனத்தின் பேரேட்டில் ஏறியது. சேதத்தை எழுதிவைக்கத்தான் அதுவரை எந்தப் பேரேடும் இருக்கவில்லை. அந்த வகையில் நீரியின் அறிக்கை இந்தியச் சுற்றுச்சூழல் வழக்கு வரலாற்றில் தனி இடம் பெறத் தக்கது.

1995 மே மாதமே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. புதிய பண்ணைகள் கூடாது. விளைநிலத்தையும் உப்பளத்தையும் பண்ணையாக மாற்றக் கூடாது. பண்ணைக்கு நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. மீனவர்கள் கடலுக்குப் போகும் வழியை விட வேண்டும். இந்தச் சமயத்தில் தொழிலும் தானாகவே ஆட்டம் கண்டிருந்தது. 1994 கடைசியில் தொடங்கிய வெண்புள்ளி நோய் ஆந்திரம், தமிழகக் குட்டைகளைக் காலி செய்துகொண்டிருந்தது. தைவானில் நடந்தது இங்கும் நடந்தது, சில வருட இடைவெளியில்.

இறுதித் தீர்ப்பு 1996 டிசம்பர் 11. நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது. இன்னும் இருபது நாளில் குல்தீப் சிங் ஓய்வு பெறவிருந்தார். இறால் வளர்ப்பு ஒரு தொழிலே. ஆனால் அது கடல்முகத்தோடு நேரடித் தொடர்புடையதும் அல்ல, அதற்குக் கரை வசதி நேரடியாகத் தேவையும் அல்ல என்று தீர்ப்பு முடிவு சொன்னது. குழாய் வைத்துத் தண்ணீரைத் தூரத்துக்குக் கொண்டுபோகலாம். கரையிலேயே குட்டை வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மாநிலச் சட்டம் கொடுக்கும் உரிமம் மத்தியச் சட்டத்தின் தடையைத் தாண்ட முடியாது.

ஆகவே மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகள் 1997 மார்ச் 31-க்குள் இடிக்கப்பட வேண்டும். சிலிகா ஏரிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் 1,000 மீட்டருக்குள்ளும் பண்ணை கூடாது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், ஊர்ப் பொது நிலம் எதையும் குட்டையாக்கக் கூடாது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைத்து, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கைப்படி பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் வாங்கித்தர வேண்டும். இவ்வளவும் பரவலாக எழுதப்பட்டவை. குறைவாகப் பேசப்பட்ட இரண்டு பகுதிகளும் அதில் உண்டு. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்களுக்குச் சட்டப்படி வரும் இழப்பீட்டோடு கூடுதலாக ஆறு வருடச் சம்பளம் தர வேண்டும் என்றது தீர்ப்பு. பாரம்பரிய முறைகளுக்கும், அவற்றை ஓரளவு மேம்படுத்திய முறைகளுக்கும் தடை பொருந்தாது என்றும் சொன்னது. கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும் மற்ற மாதங்களில் ஓதநீரோடு தானாக வரும் இறாலும் விளைகின்றன. வங்காளத்தின் பேரிகளிலும் இதே போன்ற பழைய வழக்கம் உண்டு. இறால் வளர்ப்பே தவறு என்று தீர்ப்பு சொன்னதாக அன்று பரப்பப்பட்டது. அது உண்மையல்ல.

தீர்ப்பு வந்த நாளில் நாகைக் கடற்கரை கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் இந்தத் தொடரில் நாம் பார்த்த எந்த வழக்கைக் காட்டிலும் இதில் எதிர்த்தாக்குதல் விரைவாக வந்தது.

முதலில் மறு ஆய்வு மனுக்கள். தொழில்துறையும் மாநிலங்களும் மத்திய அரசும் நீதிமன்றத்துக்குப் போக, இடிப்பு உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. மார்ச் 31 கடந்தது, குட்டைகள் நின்றன. அடுத்து நாடாளுமன்றம். 1997 மார்ச்சிலேயே நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணைய மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. எதிர்ப்புகளுக்கு நடுவே மக்களவையில் அது சட்டமாகாமல் தேங்கியது. தீர்ப்பின்படி 1997 பிப்ரவரியில் அமைந்த ஆணையம், பண்ணைகளை மூடுவதைவிட அவற்றுக்கு அனுமதி தருவதையே பெரும்பாலும் செய்துவந்தது.

2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையோரத்தில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று நாடே பேசிய மாதங்கள் அவை. பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டின் பின்னாலிருந்த குப்பங்கள் தப்பியதை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஆறு மாதம் கழித்து, 2005 ஜூனில், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அமலுக்கு வந்தது.

அதன் 27-ஆவது பிரிவைத்தான் இந்த அத்தியாயத்தின் மையம் என்று நான் கருதுகிறேன். 1991 அறிவிக்கையில் உள்ள தடைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அதோடு, அந்த விலக்கு 1991 பிப்ரவரி 19-ஆம் தேதியிலிருந்தே இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது. பதினான்கு வருடம் பின்னோக்கிச் சென்று விதி திருத்தப்பட்டது. உச்ச நீதிமன்றம் எந்த விதியைக் கொண்டு தீர்ப்பளித்ததோ, அந்த விதி தொடக்கம் முதலே அப்படி இல்லை என்று நாடாளுமன்றம் எழுதிவிட்டது. சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. அதைப் பின்தேதியிட்டு இயற்றவும் முடியும். ஆனால் கெட்டுப்போன குடிநீருக்கு இழப்பீடு எதிர்பார்த்திருந்த குடும்பங்களுக்கு இது இழைத்த அநியாயத்தை அந்த அதிகாரம் அழித்துவிடாது.

அந்தச் சட்டத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜெகந்நாதனின் மனு இல்லாவிட்டால் அந்த மிச்சமும் இருந்திருக்காது. பண்ணைகள் ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். உயர் ஓத எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய பண்ணைக்கு அனுமதி இல்லை; மண்டலத்துக்குள் வரும் ஓடைகள், ஆறுகள், காயல்களிலும் இல்லை. விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் குட்டையாக்கக் கூடாது என்ற தீர்ப்பின் சொற்கள் வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றன. பதிவில்லாமல் நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை என்றும் இருந்தது. 2023-இல் வந்த திருத்தச் சட்டம் அந்தச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக்கியது. குஞ்சுப் பொரிப்பகங்கள் போன்றவற்றை 200 மீட்டருக்குள்ளும் அமைக்க வழிவிட்டது.

இதற்கிடையே தொழிலும் உருமாறியது. 2009-இல் வன்னாமி என்ற அயல்நாட்டு வெள்ளை இறாலுக்கு அனுமதி கிடைத்தது. வரி இறாலின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. 2022-23-இல் இந்தியாவின் உறைந்த இறால் ஏற்றுமதி ஏழு லட்சம் டன்னைத் தாண்டியது. இன்று பண்ணை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவான சிறு பண்ணையாளர்கள். தொண்ணூறுகளின் நிறுவனங்களை எதிர்த்த அதே சொற்களை இவர்கள் மீது வீச முடியாது. ஆனால் குட்டை சிறியதானாலும் அதன் வடிநீர் போகும் வாய்க்கால் ஊர்ப் பொதுதான்; நிலத்தடி நீர் பட்டாக்காரருக்கு மட்டும் சொந்தமல்ல. தீர்ப்பு எழுப்பிய கேள்வி சிறு பண்ணைக்கும் பொருந்துகிறது.

2008-இல் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இருவருக்கும் ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரி 12-இல், தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு 2020-இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. அரசு விருது கொடுத்தவரின் இயக்கம் நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பு, அதே அரசின் சட்டத்தால் செயலிழந்து கிடக்கிறது.

கடலோர மாவட்டங்களில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கிணறு கரிக்கத் தொடங்கியிருந்தால், பக்கத்துப் பண்ணைக்கு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, எந்தச் சர்வே எண்ணுக்கு, எவ்வளவு பரப்புக்கு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பதிலை வாங்கிக் கிராம சபையில் படியுங்கள். பதிவு இல்லையென்றால் ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஊர்ப் பெயரில் மனு கொடுங்கள். நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)